பாலம் கட்டிய வணிகர்: கோஜா பெத்ரூஸ் உஸ்கான்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வசிக்கும் நம் கோயிற்பற்று மக்களில் அநேகர் தினந்தோறும் பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். பேருந்தில் போகிறவர்கள் கிண்டியைத் தாண்டி, சைதாப்பேட்டைக்குள் நுழையுமுன் அடையாற்றைக் கடக்கிறார்கள். நெரிசல் இல்லாத வேளையில் அதற்கு ஒரு நிமிஷங்கூட ஆகாது. அந்தப் பாலத்துக்கு மறைமலை அடிகள் பாலம் என்று பெயர். அது 1966-ம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் அங்கே 240 வருஷ காலம் வேறொரு பாலம் இருந்தது.

தபசு காலத்தில் நீங்கள் குடும்பத்தோடு பரங்கிமலைக்குப் போய், சிலுவைப்பாதை செய்து கொண்டே கல்படிகளில் ஏறியிருப்பீர்கள். வயதானவர்கள் மூச்சு வாங்க நின்று நின்று ஏறுவதையும், சிறுவர்கள் படிகளை எண்ணிக் கொண்டே ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 160 படிகள்.

அந்தப் பழைய பாலத்தைக் கட்டியவர் யார்? இந்தப் படிகளை அமைத்தவர் யார்? அரசர் அல்ல, கவர்னர் அல்ல, மேற்றிராணியாரும் அல்ல. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். அவரும் நம் தேசத்தில் பிறந்தவர் அல்ல. பாரசீக தேசத்திலிருந்து வியாபாரத்துக்காக வந்த ஓர் அர்மீனியக் கத்தோலிக்கர். அவர் பெயர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். பெத்ரூஸ் என்பது நம்முடைய இராயப்பர் என்னும் பெயரே. உஸ்கான் என்பது அவருடைய தகப்பனார் பெயர். நாம் தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்துக் கொள்வது போல அவர்களும் வைத்துக் கொள்வார்கள். கோஜா என்பது பெரிய வணிகர்களுக்குப் பாரசீக வழக்கப்படி கொடுக்கும் மரியாதைப் பட்டம்.

பல ஜாதி ஜனங்களோடு பழகி, அவரவர் வழக்கம் அறிந்து நடந்து, தன் வாக்கை மட்டும் மாற்றாமல் வாழ்ந்த மனிதர் அவர். அந்நிய தேசத்தாருடன் வேலை செய்யும் பிள்ளைகளைப் பெற்றிருக்கிற நமக்கு அவருடைய வரலாறு மிகவும் பயன்படும் என்பதால், இந்த வாரம் அதைச் சொல்கிறோம்.

ஊரை இழந்த ஜனங்கள்

அர்மீனியர்கள் மிகப் பழைய கிறிஸ்தவ ஜனங்கள். 4-ம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே தேசத்தோடு கிறிஸ்துவை ஏற்றுக் கொண்டவர்கள். அவர்களுடைய நாடு துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டு, இரண்டு பக்கத்திலும் அடிபட்டது. அராஸ் நதிக் கரையில் ஜுல்பா என்ற ஊர் பட்டு வியாபாரத்தில் செழித்திருந்தது. பாரசீகச் சக்கரவர்த்தி ஷா அப்பாஸ் 1604, 1605-ம் ஆண்டுகளில் அந்த ஊர் ஜனங்களைப் பலாத்காரமாய்க் கிளப்பித் தம்முடைய தலைநகரான இஸ்பஹானுக்குக் கொண்டு போனார். அவர்கள் திரும்பி வராதபடி ஊர் பாழாக்கப்பட்டது. வழியில் மாண்டவர்கள் அநேகர்.

ஆனால் அவர்களுடைய வியாபாரத் திறமை அரசருக்குத் தேவையாயிருந்தது. ஆகையால் இஸ்பஹானுக்குப் பக்கத்தில் புதிய ஊர் ஒன்றைக் கட்டிக் கொள்ளவும், கோவில்கள் எழுப்பவும், பட்டு வியாபாரம் செய்யவும் அவர்களுக்கு உத்தரவு கிடைத்தது. அந்த ஊருக்குப் புது ஜுல்பா என்று பெயரிட்டார்கள். அங்கேதான் ஏறக்குறைய 1680-ம் ஆண்டில் நம் பெத்ரூஸ் பிறந்தார்.

இதைக் கவனியுங்கள். பிறர் தேசத்தில், பிற மதத்து அரசரின் கீழ், தங்கள் பாஷையையும் வேதத்தையும் விடாமல், அதே சமயத்தில் அக்கம் பக்கத்தாரோடு சமாதானமாய்ப் பிழைக்க வேண்டிய ஜனங்கள் அவர்கள். வீட்டில் அர்மீனியம், அரண்மனையில் பாரசீகம், சந்தையில் துருக்கி என்று குழந்தை முதலே பல பாஷைகள் அவர்கள் காதில் விழுந்தன. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்குமுன் வீட்டு வாசலிலேயே கற்றுக் கொண்டார்கள்.

வாக்கை முதலாக வைத்த வியாபாரம்

ஜுல்பா வணிகர்களின் முறை ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். பணக்காரர் முதல் போடுவார். பணமில்லாத வாலிபன் உழைப்பைப் போடுவான். அவன் அந்த முதலை எடுத்துக் கொண்டு இந்தியாவுக்கோ, ருஷியாவுக்கோ, இத்தாலிக்கோ போய், வருஷக் கணக்காய் வியாபாரம் செய்வான். திரும்பி வந்து கணக்கை ஒப்புவித்தபின், இலாபத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருப்பவன் பொய்க் கணக்கு எழுதினால் முதலாளி எப்படிக் கண்டுபிடிப்பார்? கடிதங்களால்தான். ஒவ்வொருவரும் தாம் இருக்கும் ஊரின் விலைவாசி, கப்பல் வரவு, நம்மவர் நடத்தை எல்லாவற்றையும் எழுதி அனுப்பிக் கொண்டேயிருந்தார்கள். ஒருவன் மோசம் செய்தான் என்று நிரூபணமானால், பிறகு ஜுல்பாக்காரர் ஒருவரும் அவன் கையில் பணம் கொடுக்க மாட்டார்கள். வாக்குத் தவறியவன் பிழைப்பையே இழந்தான்.

பிள்ளைகளுக்கு அவர்கள் வியாபாரத்தையும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜுல்பாவில் கொஸ்தாந்து என்ற ஆசிரியர், பல தேசத்துப் பட்டணங்களில் என்ன நிறை, என்ன அளவு, என்ன நாணயம் வழங்குகிறது என்பதையெல்லாம் தொகுத்து மாணவருக்கு ஒரு கைநூல் எழுதினார். இதன் அவசியம் நம் ஊர்க் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். சென்னையில் 8 வீசை கொண்டது ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு பாரம். சூரத்திலும் மணங்கு என்ற சொல் உண்டு, ஆனால் நிறை வேறு. பாரசீகத்திலும் உண்டு, அதுவும் வேறு. சொல் ஒன்றாயிருக்கிறதே என்று நம்பி விலை பேசினவன் நஷ்டப்படுவான். ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் கொள்ளும் என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு முதற்பாடம்.

சென்னையில்

1688-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கும் அர்மீனியருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கோஜா பானூஸ் கலந்தர் என்ற வணிகர் தம் ஜனங்களின் சார்பில் அதைச் செய்து முடித்தார். கும்பெனிப் பட்டணங்களில் அர்மீனியர் ஆங்கிலேயரைப் போலவே குடியிருக்கலாம், நிலம் வாங்கலாம், வேதத்தை அநுசரிக்கலாம். 40 பேர் சேர்ந்த இடத்தில் கோவிலுக்கு இடமும் உதவியும் கிடைக்கும் என்று அதில் கண்டிருந்தது. இதன்பின் சென்னைக்கு வந்த அர்மீனியர் பெருகினார்கள்.

சென்னையில் இன்றும் அர்மீனியன் தெரு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் அர்ச். அந்தோனியாரைத் தேடி நீங்கள் போகிற தெருதான். அர்மேனியன் என்ற சொல் நம்மவர் காதில் அரண்மனைக்காரன் என்று விழுந்து, அரண்மனைக்காரத் தெரு என்றே வழங்கிற்று. அங்கே அரண்மனை ஏதும் இல்லை. நாம் மட்டுமா இப்படிச் செய்தோம்? ஆங்கிலேயர் மாம்பலம் என்பதை மார்மலாங் என்று ஆக்கினார்கள். பிறர் சொல்லை நம் காதுக்கு ஏற்றபடி கேட்பது எல்லா ஜனங்களுக்கும் உள்ள பலவீனம்.

நம் பெத்ரூஸ் 1723 அல்லது 1724 வாக்கில் சென்னைக்குக் குடிவந்தார். வயது 40-ஐத் தாண்டியிருந்தது. வந்த இடத்தில் எத்தனை விதமான மனிதர்! கோட்டைக்குள் ஆங்கிலேயர், மயிலாப்பூரில் போர்த்துகீசியர், சந்தையில் தெலுங்குக் கோமுட்டிகளும் தமிழ்ச் செட்டிமாரும், ஆற்காட்டு நவாபின் உத்தியோகஸ்தர்கள், குஜராத்தி சராபுகள். இவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம்.

ஆங்கிலேயர் எதையும் எழுத்தில் வேண்டுவார்கள். மாதிரித் துணியை வைத்துக் கொண்டு, வந்த துணி அதற்குச் சரிதானா என்று பார்த்து, குறைந்தால் தள்ளுவார்கள். ஆனால் அந்தக் கும்பெனியாரும், துணி ஒப்பந்தம் முடிந்தவுடன் நம்மூர் வழக்கப்படி பெரிய வணிகருக்குச் சிவப்புச் சகலாத்து போர்த்தி, வெற்றிலை பாக்கும் பன்னீரும் கொடுத்து அனுப்பக் கற்றுக் கொண்டார்கள். அதைச் செய்யாவிட்டால் ஒப்பந்தம் கையெழுத்தாகியும் மரியாதை முடியவில்லை என்று நம்மவர் நினைப்பார்கள். நம்முடைய மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதைக் கண்டிருக்கிறீர்கள். அக்காலத்தில் வைரம் முதலிய உயர்ந்த சரக்குகளுக்கும் தரகர்கள் இப்படிப் பேசியதாக ஐரோப்பியப் பிரயாணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அறியாதவன் இதை ஏதோ கள்ளத்தனம் என்று நினைப்பான். அறிந்தவன், பலர் கூடிய இடத்தில் ஒருவனுடைய விலையை மற்றவன் தெரிந்து கொள்ளாதபடி காக்கும் ஏற்பாடு என்று அறிவான். நவாபின் சபையிலோ வெறுங்கையோடு போவதே அவமரியாதை. அங்கே காணிக்கை முதலில், காரியம் பிறகு. பாஷை பாரசீகம். அது பெத்ரூஸுக்குச் சிறுவயது முதல் பழகிய பாஷை.

நாள் எண்ணுவதுகூட ஒன்றாக இல்லை. ஆங்கிலேயர் 1752 வரை பழைய பஞ்சாங்கத்தை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் பரிசுத்த பாப்பானவர் 13-ம் கிரகோரியார் திருத்திய பஞ்சாங்கத்தை அநுசரித்தார்கள். இரண்டுக்கும் அந்நாளில் 11 நாள் வித்தியாசம். நவாபின் காரியஸ்தர் ஹிஜ்ரி மாதத்தை எண்ணினார். நம் வணிகர் தமிழ் மாதத்தை எண்ணினார். உண்டியல் எந்தத் தேதிக்கு என்று கேட்டால் போதாது. யாருடைய தேதிக்கு என்றும் கேட்க வேண்டும்.

மணிலாவும் ஒரு சங்கடமான கேள்வியும்

பெத்ரூஸின் பெருஞ்செல்வம் மணிலாவோடு நடத்திய வியாபாரத்தில் வந்தது. பிலிப்பைன் தீவுகளின் தலைநகரான மணிலா அப்போது ஸ்பானியர் வசம். அவர் அங்கே சில காலம் வாழ்ந்தும் இருக்கிறார். நம் கடற்கரையில் நெய்து சாயமிட்ட துணிகள் இங்கிருந்து அங்கே போகும். மெக்சிகோ தேசத்து வெள்ளி நாணயங்கள் அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து ஸ்பானியக் கப்பலில் மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து இங்கே வரும். காஞ்சிபுரத்துப் பக்கத்தில் தறியில் உட்கார்ந்த நெசவாளி மெக்சிகோவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவன் கூலி அந்த வெள்ளியிலிருந்தும் வந்தது.

மணிலாவில் ஒரு விநோதம் உண்டு. ஸ்பானியர் மேற்கே மெக்சிகோ வழியாய் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். ஆகையால் அவர்கள் கணக்கில் ஒரு நாள் பின்தங்கியிருந்தது. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மணிலாவில் சனிக்கிழமை. 1844-ம் ஆண்டின் முடிவில்தான் இதைத் திருத்தினார்கள். நம் நாட்டிலிருந்து கிழக்கே போன கத்தோலிக்கன் தன் கணக்குப்படி சனிக்கிழமை என்று எண்ணி இறங்கினால், அங்கே வெள்ளிக்கிழமை. மாமிசம் விலக்க வேண்டிய நாள். யார் கணக்குச் சரி? இருவரும் நேர்மையாகத்தான் எண்ணினார்கள். புறப்பட்ட திசை வேறு, அவ்வளவே.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பானியர் ஆங்கிலேயருடைய கப்பல்களை மணிலாவில் வியாபாரம் செய்ய விடுவதில்லை. அர்மீனியரையோ நடுநிலை ஜனங்கள், கிறிஸ்தவர்கள் என்று அனுமதித்தார்கள். ஆகவே சென்னையிலிருந்த ஆங்கிலேயர் தங்கள் சரக்கை அர்மீனியர் பெயரிலும் நம் நாட்டு வணிகர் பெயரிலும் ஏற்றி அனுப்பினார்கள். மணிலா உத்தியோகஸ்தர்களுக்கும் இது தெரியாததல்ல. தெரிந்தும் தீர்வையை வாங்கிக் கொண்டு கண்ணை மூடிக் கொண்டார்கள். இது எங்கும் நடந்த வழக்கம், யாரையும் ஏமாற்றவில்லை என்று சொல்வாருண்டு. வழக்கம் என்பதாலேயே ஒன்று நேர்மையாகி விடாது என்று சொல்வாரும் உண்டு. அந்த வியாபாரத்தில்தான் அர்மீனியர் அநேகர் செல்வரானார்கள். பிறர் வழக்கத்தை நன்றாய் அறிந்தவனுக்கு அதன் ஓட்டைகளும் தெரிந்து விடும். அறிவு தந்திரமாய் மாற அதிக தூரமில்லை. வாசகரே, இதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பாலமும் படிகளும்

பரங்கிமலையின் மேல் அர்மீனியருக்கு வெகு நாளாகவே பக்தி உண்டு. 1517-ம் ஆண்டில் போர்த்துகீசியருக்கு மயிலாப்பூரில் அர்ச். தோமையார் கல்லறை இருந்த இடத்தைக் காட்டியவரே ஓர் அர்மீனிய வணிகர்தான். 1523-ல் போர்த்துகீசியர் மலைமேல் தேவமாதா கோவிலைக் கட்டியபின், கப்பல் ஏறப் போகிறவர்களும் கரை சேர்ந்தவர்களும் அங்கே போய் வேண்டுவது வழக்கமாயிற்று.

சென்னையிலிருந்து மலைக்குப் போக அடையாற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்த நாளில் இறங்கி நடக்கலாம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் யாத்திரிகர் மட்டுமல்ல, காய்கறிக் கூடைக்காரியும், வண்டிக்காரனும், துணி மூட்டை சுமப்பவனும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 2015-ம் ஆண்டு டிசம்பரில் அதே ஆறு பொங்கியதைக் கண்ட நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

சென்னைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன நிலையில், 1726-ல், பெத்ரூஸ் தம் சொந்தப் பணத்தில் அந்த ஆற்றுக்குப் பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன் என்பார்கள். அன்றைய சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 36 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஒரு காசு இரண்டு காசுக்குச் சாமான் வாங்கிய காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிக் கொள்ளுங்கள். மலையேறும் படிகளையும் அவரே அமைத்தார். பாலத்தைக் கட்டியதோடு விடாமல், பின்னால் பழுது பார்ப்பதற்கும் தனியே பணம் ஒதுக்கி வைத்தார். கட்டி முடித்துப் பெயர் வாங்கிக் கொள்வோர் உண்டு. தாம் போனபின் கல் பெயர்ந்தால் யார் வைப்பார் என்று நினைப்போர் சிலரே.

பாலத்தருகே அவர் நாட்டிய கல் ஒன்று உண்டு. அதில் அர்மீனியம், பாரசீகம், லத்தீன் ஆகிய மூன்று பாஷைகள். தம் ஜனங்களுக்கு ஒன்று, நவாபின் ராஜ்யத்தாருக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு ஒன்று. தமிழ் அதில் இல்லை என்பது நமக்கு வருத்தமே. ஆனால் பாலம் பாஷை கேட்டு வழிவிடவில்லை. அந்தப் பக்கம் கும்பெனியின் அன்றைய எல்லைக்கு வெளியே இருந்தது. அங்கே பாலம் கட்டுவதில் அவருக்கு அரசாங்கக் கடமை ஏதுமில்லை. சம்பாதித்த ஊருக்குச் செய்யவேண்டியது என்று நினைத்துச் செய்தார்.

சோதனைக் காலம்

நல்ல காலத்தில் எல்லாரோடும் பழகுவது எளிது. பகை வந்தபோதுதான் நடுவில் நிற்பவனுடைய பாடு தெரியும்.

1746-ம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே தலைமையில் சென்னையைப் பிடித்தார்கள். அது ஆங்கிலேயர் கணக்கில் 10-ம் தேதி, பிரெஞ்சுக்காரர் கணக்கில் 21-ம் தேதி. பெத்ரூஸின் சொத்துக்கள் அவர்கள் கைக்குப் போயின. புதுச்சேரி கவர்னர் துய்ப்ளே, சென்னையின் பெரிய வணிகரைத் தம் பட்டணத்துக்கு இழுத்துவிட விரும்பினார். பெத்ரூஸ் அங்கே வந்து குடியேறினால் சொத்தைத் திருப்பித் தருவதாகப் பேச்சு நடந்தது.

அவருடைய நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். வயது 65-க்கு மேல். வாழ்நாளெல்லாம் சேர்த்தது கைவிட்டுப் போயிற்று. அழைக்கிறவர்களோ கத்தோலிக்கர், தம்முடைய வேதக்காரர். தோற்றுப் போன ஆங்கிலேயரோ கத்தோலிக்க வேதத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள். ஒரே ஒரு சம்மதம் சொன்னால் எல்லாம் திரும்பி வரும். வணிகன் எந்தக் கொடியின் கீழும் பிழைப்பான் என்று உலகம் சொல்லி முடித்துவிடும். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவர் சம்மதிக்கவில்லை. சொத்தை விட்டுவிட்டு, டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்குப் போய்த் தங்கினார். அவர் மனதில் இருந்ததை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஜுல்பாவில் கற்ற பாடம் அதில் இருந்திருக்கும் என்று நினைக்கலாம். ஒருவருடைய கொடியின் கீழ் வாக்கைக் கொடுத்து வாழ்ந்தபின், அவருக்குக் கெட்ட காலம் வந்தவுடன் மாறினால், பிறகு அந்த வாக்கை எந்தத் தேசத்தார் நம்புவார்? மரியாதைகள் ஊருக்கு ஊர் மாறும், அவற்றுக்கேற்ப நடக்கலாம். வாக்கு அப்படி மாறக்கூடாது.

சமாதான உடன்படிக்கையின்படி 1749-ல் சென்னை மறுபடியும் ஆங்கிலேயருக்கு வந்தது. அப்போது வேறு விதமான சோதனை. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்று சந்தேகித்து, கத்தோலிக்கரும் அர்மீனியரும் கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணத்தில் வீடு வைத்திருக்கலாகாது என்று உத்தரவாயிற்று. 1688-ல் கையெழுத்தான ஒப்பந்தம் என்னவாயிற்று என்று யார் கேட்பது? பெத்ரூஸின் விசுவாசத்தை ஆங்கிலேயர் அறிந்திருந்ததால் அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார், அவருடைய ஜனங்கள் அத்தெருக்களை விட்டு வெளியேறினார்கள். தனிமனிதரின் நல்ல நடத்தை அவரைக் காப்பாற்றும். ஆனால் ஒரு கூட்டத்தின் மேல் விழுந்த சந்தேகத்தை அது எப்போதும் நீக்கிவிடாது. இந்தக் கசப்பான உண்மையையும் அவர் வாழ்க்கையில் காண்கிறோம்.

முடிவு

1751-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, தமது 70-ம் வயதில், சென்னையில் பெத்ரூஸ் மரித்தார். வேப்பேரியில் அவருடைய ஆதரவில் எழும்பிய அற்புத மாதா சிற்றாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் விரும்பியபடி அவருடைய இருதயத்தை மட்டும் தனியே எடுத்து, பேழையில் வைத்து, பிறந்த ஊரான ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். உடல் உழைத்த மண்ணில், இருதயம் பிறந்த மண்ணில். கடல் கடந்து பிழைக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே, 1752-ல், கும்பெனியார் அந்தச் சிற்றாலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துப் புரொட்டஸ்டாண்டு போதகர்களுக்குக் கொடுத்தார்கள். தமிழ் அகராதி செய்த பப்ரீசியுஸ் ஐயர் அங்கே வந்து பணி செய்தார். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த அர்ச். மத்தியா ஆலயம். கட்டிடம் பின்னால் புதிதாகக் கட்டப்பட்டது. பெத்ரூஸின் கல்லறை அங்கே இருக்கிறது. சென்னையில் குடியிருக்கும் அர்மீனியர் இன்று அநேகமாய் இல்லை. 1772-ல் கட்டிய அவர்களுடைய கோவில் அரண்மனைக்காரத் தெருவில் மௌனமாய் நிற்கிறது.

நமக்கு என்ன?

நம் தாம்பரத்தில் 1984 முதல் ஏற்றுமதித் தொழில் வளாகம் நடந்து வருகிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கொரியரும் ஜப்பானியரும் நடத்தும் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். வளைகுடா நாடுகளில் நம் கோயிற்பற்றுக் குடும்பங்கள் எத்தனை! பெத்ரூஸ் சந்தித்த சங்கடங்கள் இன்று நம் வீட்டுக்கே வந்திருக்கின்றன.

ஜப்பானியர் தம் பெயர்ச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டுவார். நாம் அதை ஒரு கையால் வாங்கிச் சட்டைப் பையில் திணித்தால் அவருக்கு மனம் நோகும். அரபு வீட்டில் குசலம் விசாரித்துக் காப்பி குடிக்குமுன் விலையைப் பேசினால், இவனுக்கு அவசரம் தவிர அன்பில்லை என்று நினைப்பார். நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சம்மதம் சொன்னால், வெள்ளைக்காரர் மறுப்பு என்று மயங்குவார். நேரே இல்லை என்று சொல்லக் கூசி நாம் பார்க்கலாம் என்கிறோம். ஜெர்மானியர் அதை நம்பிக் காத்திருப்பார். இவற்றில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்ற கேள்வியே இல்லை. மணங்கு என்ற ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் நிறை வேறானது போல்தான். முன்னதாகக் கேட்டறிவது மரியாதை. கேட்காமல் சிரிப்பது அகந்தை.

ஆனால் வேலை நிமித்தம் எல்லா வழக்கத்துக்கும் தலையாட்ட வேண்டுமென்பதில்லை. கணக்கில் பொய் எழுதுவது இங்கே வழக்கம், லஞ்சம் கொடுப்பது அங்கே வழக்கம் என்று யாராவது சொன்னால், அது உடுப்பையோ உபசாரத்தையோ சேர்ந்த காரியமல்ல. பெத்ரூஸ் உபசாரத்தில் ஊருக்கேற்ப நடந்தார். கொடுத்த வாக்கை விற்க மறுத்தார். இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பது பெற்றோர் கடமை.

இன்னொன்று. இப்போது அந்நியர் நம்மிடமும் வருகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டிட வேலைக்கு வந்த வாலிபர்கள் சில நமது கோவில்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாஷை புரியாமல் பூசை கண்டு போகிறார்கள். அவர்களுக்கும் விட்டு வந்த ஊர் உண்டு. வரும் ஞாயிறு அவர்களில் ஒருவரிடமாவது பெயர் கேளுங்கள். கேட்ட பெயரை நம் காதுக்கேற்றபடி மாற்றாமல், அவர் சொல்கிறபடியே சொல்லிப் பழகுங்கள்.

அடுத்த முறை அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதும், பரங்கிமலைப் படியில் காலை வைக்கும்போதும், தூர தேசத்திலிருந்து வந்து நமக்கு வழி செய்து வைத்த அந்த வணிகரின் ஆத்துமாவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.